சிங்கப்பூர்ல வாங்குன சூப்பர் ஃபாமிகாம், கலரே வந்ததில்ல, இதுக்கு என்ன மாட் (உள்ள மாத்துற வேலை) பண்ணணும்?

சேலையூர்காரன்

வணக்கம் மக்களே, ரெண்டு வருஷமா இங்க சும்மா படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்குத் தான் முதல் தடவ எழுதுறேன்.

போன வாரம் வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறதுக்காக பரண்ல இருந்ததெல்லாம் இறக்குனோம். அண்டா, கொலு பொம்மை பெட்டி, அதுக்குப் பின்னாடி ஒரு பழைய சூட்கேஸ், தொறந்தா உள்ள எங்க சித்தப்பாவோட சூப்பர் ஃபாமிகாம், நிண்டெண்டோவோட ஜப்பான் டிவி கேம். 93ல சிங்கப்பூர்ல வேலை பாத்துட்டு இருந்தப்போ வாங்கிட்டு வந்தது. ரெண்டு கன்ட்ரோலர், ஏவி வயர், சூப்பர் மரியோ வேர்ல்ட் ஜப்பான் கேசட் ஒண்ணு. மேல் மூடி இன்னும் சாம்பல் கலர்லயே இருக்கு, கீழ் பாதி மட்டும் டிகாஷன் ஊத்துன மாதிரி மஞ்சளா போயிருக்கு, ஏன்னே புரியல.

இதுல ஒரு சோகக் கதை இருக்கு. இது எங்க வீட்டுல ஒரு நாள் கூட கலர்ல ஓடுனதில்ல. அப்போ எங்க டிவில ஏவி சொருகுற இடம் கிடையாது, அதனால வீடியோ டெக் வழியா மாட்டுவோம். படம் மேலேர்ந்து கீழ ஓடிக்கிட்டே இருக்கும், சித்தப்பா டிவி பின்னாடி கைய விட்டு வி ஹோல்டு குமிழ திருகி நிக்க வைப்பார், நின்னா கருப்பு வெள்ளை. கலர் டிவில கருப்பு வெள்ளை! பக்கத்து வீட்டுல 8 பிட் டிவி கேம்ல கான்ட்ரா ஜம்முனு கலர்ல ஓடும், இவ்ளோ காசு குடுத்து வாங்குனது இப்படி. சித்தி "ஏமாந்த சோணகிரி"ன்னு ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் யார் எத வாங்கிட்டு வந்தாலும் "கலர் வருதான்னு பாத்தியா"ன்னு தான் எங்க வீட்டுல கேப்பாங்க. நாங்க பசங்க அப்படியே தான் ஆடுனோம். அதுல ஆமைங்க சிலது மேடை ஓரத்துல தொப்புனு விழும், சிலது ஓரம் வரைக்கும் போயிட்டு திரும்பிடும், ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், லூசு ஆமைன்னு பேர் வச்சிருந்தோம்.

இப்போ கேள்விக்கு வரேன். இதுக்குள்ள கலர் போர்டு எதாவது மாத்தணுமா? யூடியூப்ல ஆர்ஜிபி மாட், கெப்பாசிட்டர் மாட்னு என்னென்னமோ வருது, எனக்கு சோல்டரிங் சுத்தமா தெரியாது. அடாப்டர் தொலஞ்சி போச்சு, வீட்டுல இருந்த செட்டாப் பாக்ஸ் அடாப்டர் 12 வோல்ட், பின் கரெக்டா உக்காந்துச்சு, போட்டேன், லைட்டே எரியல. ஒரு கடைல காமிச்சேன், தொறந்து கூட பாக்கல, "போர்டு போயிடுச்சு சார், தூக்கிப் போட்டுட்டு புதுசா ஸ்டிக் கேம் வாங்கிக்கோங்க"ன்னுட்டாங்க. பட்ஜெட் ஒரு 3000. என்ன பண்ணலாம்?

சோல்டர்சாமி

தம்பி, மொதல்ல அந்த செட்டாப் பாக்ஸ் அடாப்டர கழட்டி தூர வை. நீ கேட்ட கேள்விய விட நடுவுல போற போக்குல சொன்னியே அது தான் பெரிய மேட்டர்.

சூப்பர் ஃபாமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்ப், அதுல பின்னோட நடுவுல நெகட்டிவ். செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், சிசிடிவி கேமரா, இப்போ வீட்டுல கிடக்குற அடாப்டர் பெரும்பாலும் எல்லாத்துலயும் நடுவுல பாசிட்டிவ். சைஸ் ஒண்ணு தான், அதனால அழகா உக்காரும், ஆனா கரண்ட் தலைகீழா போகும். அடாப்டர் மேல ஒரு சின்ன வட்டப் படம் போட்டிருப்பான் பாரு, ப்ளஸ் மைனஸ் குறி வச்சு, அத பாக்காம எதையும் சொருகக் கூடாது, பழைய கன்சோல் வச்சிருக்கவனுக்கு இது தான் அரிச்சுவடி.

பயப்படாத, போர்டு போயிருக்காதுன்னு தான் நெனைக்கிறேன். பவர் உள்ள வர்ற வழில எஃப்1னு எழுதுன ஒரு குட்டி ஃப்யூஸ் இருக்கும், 1.5 ஆம்ப். இந்த மாதிரி தப்பு பண்றவங்களுக்காகத் தான் அது இருக்கு, பத்துல எட்டு பேருக்கு அது மட்டும் தான் போயிருக்கும் (கணக்கெல்லாம் எடுக்கல, என் டேபிளுக்கு வந்த வரைக்கும் சொல்றேன்).

தொறக்குறதுக்கு சாதா ஸ்க்ரூடிரைவர் ஆகாது. நிண்டெண்டோ ஸ்க்ரூ தனி, கன்சோலுக்கு 4.5 எம்எம் கேம்பிட், கேசட்டுக்கு 3.8. ஆன்லைன்ல ரெண்டும் சேத்து கிடைக்கும். அவசரம்னா பழைய பால்பாயிண்ட் பேனாவோட பிளாஸ்டிக் முனைய லைட்டர்ல காட்டி இளக வச்சு ஸ்க்ரூ மேல அழுத்திப் புடி, ஆறுனதும் அதுவே டிரைவர் ஆயிடும், ஒரு நாலு ஸ்க்ரூவுக்கு தாங்கும். தொறந்துட்டு மல்டிமீட்டர கன்டினியூட்டில (வழி அறுந்திருக்கான்னு பாக்குற மோடு) வச்சு எஃப்1 ரெண்டு முனையிலயும் தொடு. பீப் சத்தம் வரலேன்னா ஃப்யூஸ் காலி, சந்தோஷப்படு.

கலர் விஷயம் யாராவது சொல்லுங்கப்பா, எனக்கு ஷிப்ட்டுக்கு டைம் ஆச்சு.

பிக்சல்பித்தன்

எதுக்கு ப்ரோ இவ்ளோ கஷ்டம், ராஸ்பெர்ரி பைன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் வாங்குனா ஆயிரம் கேம் ஆடலாமே

மயிலை16பிட்

@பிக்சல்பித்தன் தம்பி, அவர் கேம் ஆடணும்னு கேக்கல, சித்தப்பா மானத்தக் காப்பாத்த கேக்குறார். அதுக்கு பை உதவாது.

@சேலையூர்காரன் உங்க பதிவ படிச்சிட்டு சிரிச்சேன், அப்புறம் பாவமா இருந்துச்சு. உங்க சித்தப்பா ஏமாறவே இல்ல. அந்த கன்சோல்ல கலர் எப்பவும் வந்துக்கிட்டு தான் இருந்துச்சு, உங்க டிவிக்கு அந்த பாஷை தெரியல, அவ்ளோ தான்.

ஜப்பான்ல டிவி சிஸ்டம் என்டிஎஸ்சி, நொடிக்கு 60 தடவ படம், 525 வரி. நம்ம ஊர்ல பால் (PAL), 50 தடவ, 625 வரி. சூப்பர் ஃபாமிகாம் ஜப்பான் மெஷின், அது 60ல அனுப்பும், நம்ம டிவி 50ஐ எதிர்பாத்து உக்காந்திருக்கும், அதனால தான் படம் ஓடுச்சு, வி ஹோல்டு திருகுனதும் நின்னுச்சு. கலர் தகவல் தனியா ஒரு அலைல ஏறி வரும், என்டிஎஸ்சில அது 3.58 மெகாஹெர்ட்ஸ், பால்ல 4.43. டிவி 4.43ல தேடிப் பாக்குது, அங்க ஒண்ணும் இல்ல, சரி இது கருப்பு வெள்ளை நிகழ்ச்சி போலன்னு கலர அணைச்சிடும். சிங்கப்பூரும் பால் நாடு தான், ஆனா அங்க ஜப்பான் கன்சோல் நிறைய வித்தாங்க, மல்டி சிஸ்டம் டிவியும் இருந்துச்சு. கடைல கலர்ல பாத்துட்டுத் தான் வாங்கியிருப்பார். பக்கத்து வீட்டு டிவி கேம் நம்ம ஊர் டிவிக்காகவே பால்ல செஞ்ச காப்பி, அதனால அது கலர்ல வந்துச்சு.

அதனால எந்த மாட்டும் வேண்டாம். இப்போ இருக்குற எல்ஈடி டிவில மஞ்சள் வீடியோ சாக்கெட் இருந்தா பெரும்பாலும் ரெண்டு சிஸ்டமும் எடுத்துக்கும். பழைய டப்பா டிவின்னா 2000க்கு அப்புறம் வந்ததுல நிறைய எடுக்கும், மெனுல கலர் சிஸ்டம்னு இருக்கும், ஆட்டோல வைங்க. ஆர்ஜிபி மாட்டும் தேவையில்ல, இந்த மாடல்ல ஆர்ஜிபி, எஸ் வீடியோன்னு இன்னும் தெளிவா படம் குடுக்குற சிக்னல் ரெண்டும் பின்னாடி ஏவி சாக்கெட்லயே வருது, அதுக்கேத்த வயர் இருந்தா போதும். ஆனா நம்ம ஊர் டிவில ஆர்ஜிபி வயர் சொருகுற ஸ்கார்ட் சாக்கெட் கிடையாது, நடுவுல ஒரு கன்வெர்ட்டர் வேணும், அது உங்க 3000ஐ தாண்டும். அத அப்புறம் பாத்துக்கலாம்.

கேசட்ஊதி

மயிலை அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. எனக்கு இதே பிரச்சன உல்டாவா. 95ல ஷா வாலஸ் கம்பெனி இங்க வித்தாங்களே சேகாவோட மெகா டிரைவ் டிவி கேம், அது எங்க மாமா வீட்டுல இருந்துச்சு, பால் மாடல், கலர் சூப்பரா வரும், ஆனா 50ல ஓடுறதால சோனிக் ஆறுல ஒரு பங்கு ஸ்லோ. பாட்டும் இழுத்து இழுத்து வரும். நான் அத தான் ஒரிஜினல் ஸ்பீடுன்னு நெனச்சு வளந்தேன், காலேஜ்ல எமுலேட்டர்ல போட்டா என்னடா இவன் பேய் புடிச்ச மாதிரி ஓடுறான்னு ஆயிடுச்சு. அப்புறம் உள்ள ஒரு ஜம்பர வெட்டி 50/60 ஸ்விட்ச் வச்சேன், நான் பண்ண முதல் மாட் அது தான். இன்னமும் 50ல வச்சு தான் அடிக்கடி ஆடுறேன், பழகிடுச்சு.

அடாப்டருக்கு ஒரு டிப்: கிட்டார் பெடலுக்குன்னு விப்பாங்க பாருங்க 9 வோல்ட், அதுல நடுவுல நெகட்டிவ் தான், பின்னும் பொருந்தும். மியூசிக் இன்ஸ்ட்ருமென்ட் கடைல கிடைக்கும். ஆம்ப் மட்டும் பாத்து வாங்கணும், 200, 300 மில்லிஆம்ப்லயும் விக்கிறாங்க, அது பத்தாது, 1 ஆம்ப் வேணும். 10க்கு பதிலா 9 குடுத்தா ஒண்ணும் ஆகாது, உள்ள 7805ன்னு ஒரு ரெகுலேட்டர் இருக்கு, அது 5 வோல்ட்டா கொறச்சு தான் அனுப்பும்.

அப்புறம் தயவு செஞ்சு கேசட்ட ஊதாதீங்க. என் பேர பாத்து ஏமாறாதீங்க, நான் ஊதி ஊதி கெடுத்தவன், எச்சில் ஈரம் பட்டு பின் கருத்துப் போகும். ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) வாங்கி இயர்பட்ஸ்ல தொட்டு துடைங்க.

முடிச்சூர்_மெகாபைட்

வாங்குறது, மாட் பண்றதெல்லாம் இருக்கட்டும், வச்சிக்கிறது எப்படின்னு ஒரு வார்த்த. 2015 டிசம்பர்ல எங்க வீட்டுல தரைத் தளத்துல இடுப்பளவு தண்ணி. கட்டிலுக்கு அடியில அட்டைப் பெட்டில வச்சிருந்த கேம் பாய், ரெண்டு பிஎஸ்1, நாப்பது கேசட்டு, எல்லாம் சேத்துல. கேசட்டு மட்டும் பாதி பொழச்சுது, நல்ல தண்ணில கழுவி, ஐபிஏல குளிப்பாட்டி, ஒரு வாரம் காய வச்சு. பிஎஸ்1 ரெண்டும் போச்சு. சேலையூர் பக்கம் ஏரி இருக்கு, உங்களுக்கு சொல்லவே வேண்டாம். பரண் தான் நல்ல இடம், உங்க வீட்டுப் பெரியவங்க தெரியாம பண்ண புண்ணியம் அது. காத்துப் போகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், அவ்ளோ தான். பீச் பக்கம் இருக்கவங்க இன்னும் உஷாரா இருங்க, திருவான்மியூர்ல ஒரு ஃப்ரெண்டு வீட்டுல ஸ்க்ரூ எல்லாம் ஒரே வருஷத்துல துரு.

சேலையூர்காரன்

என்ன சொல்றதுன்னே தெரியல. மயிலை மேடம் எழுதுனத அப்படியே சித்தப்பாவுக்கு போன்ல படிச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "கடைல கலர்ல தான்டா பாத்தேன், அப்பவே சொன்னேன், எவ நம்புனா"ன்னார். சித்திக்கு கேக்கணும்னு சத்தமா சொன்னார்னு நெனைக்கிறேன்.

பேனா ட்ரிக் வேலை செஞ்சுது, மூணாவது ஸ்க்ரூல முனை மழுங்கி இன்னொரு பேனா எடுக்க வேண்டியதா போச்சு. ஆபீஸ் எலக்ட்ரீஷியன் அண்ணன்ட்ட மீட்டர் வாங்கி எஃப்1 தொட்டேன், பீப் இல்ல. சோல்டர்சாமி அண்ணே, நீங்க சாமி தான். இப்போ இத யார்ட்ட குடுத்து மாத்துறது? ரிச்சி ஸ்ட்ரீட்ல பண்ணுவாங்களா?

சோல்டர்சாமி

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஃப்யூஸ் கிடைக்கும், மாத்திக் குடுக்கவும் ஆள் இருக்கு, ஆனா ஃப்யூஸ் இல்லேன்னா நேரா ஒரு கம்பிய வச்சு பத்த வச்சிடுவான், அதுக்கு ஒத்துக்காத. நீயே பண்ணு, சின்ன வேலை தான், இதுல கத்துக்கலேன்னா எதுல கத்துப்ப. 25 வாட் சோல்ட்ரான், 60/40 ஈயம், கொஞ்சம் ஃப்ளக்ஸ், எல்லாம் சேத்து உன் 3000ல பாதி கூட ஆகாது. ஆனா முதல் சூடு இந்த போர்டுல வைக்காத. செத்துப் போன டிவிடி பிளேயர் எதாவது காயிலான் கடைல வாங்கி அதுல பார்ட்ட கழட்டி கழட்டி மாட்டு, ஒரு ரெண்டு சாயந்திரம். கை நிக்கும் போது இதத் தொடு. மாத்துனதும் கேசட் போடாம ஆன் பண்ணி 7805 அவுட்புட்ல 5 வோல்ட் வருதான்னு பாரு, வந்துச்சுன்னா தான் கேசட்டு.

தொறந்தது தொறந்துட்ட, உள்ள கெப்பாசிட்டர் எதாவது கசிஞ்சு கீழ ஈரமா பழுப்பா இருக்கான்னும் ஒரு பார்வ பாத்துடு. இல்லேன்னா விட்டுடு. 30 வருஷம் ஆச்சு அதனால எல்லாத்தையும் மாத்துன்னு வீடியோல சொல்லுவானுங்க, ஓடுறத நோண்டி ட்ராக்க பிச்சவங்கள தான் நான் அதிகம் பாத்திருக்கேன்.

பிக்சல்பித்தன்

மஞ்சள எடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெயில்ல வைங்க ப்ரோ, நம்ம ஊர் வெயிலுக்கு ஒரே நாள்ல பளபளன்னு ஆயிடும்

மயிலை16பிட்

நான் வேண்டாம்னு சொல்லுவேன், ஆனா உங்க இஷ்டம். அந்த பிளாஸ்டிக்ல தீப் புடிக்காம இருக்க ப்ரோமின் கலந்த ஒரு சரக்கு சேத்திருக்காங்க, மஞ்சளுக்கு பெரும்பாலும் அத தான் காரணம் சொல்வாங்க. மேல் மூடியும் கீழ் மூடியும் வேற வேற கலவை, அதனால தான் உங்களுது ஒண்ணு சாம்பல் ஒண்ணு டிகாஷன். மெடிக்கல் ஷாப்ல கிடைக்குற 6 சதவீத பெராக்சைடே போதும், முழுசா முங்க வச்சு, மேல மிதக்காம அழுத்தி, அடிக்கடி திருப்பி விடணும். சும்மா தடவிட்டு மொட்டை மாடில வச்சீங்கன்னா நம்ம மே மாசத்துல அது காஞ்சு போய் திட்டு திட்டா வெளுக்கும், அந்தத் திட்டு அப்புறம் போகவே போகாது. வெளுத்தாலும் சில வருஷத்துல மறுபடி மஞ்சளாகுறதுண்டு. பரண்ல 30 வருஷம் இருந்ததுக்கு அந்த நிறம் ஒரு அடையாளம்னு விட்டுடலாமே.

முக்கியமா ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த கேசட்டுக்குள்ள சேவ் பண்றதுக்கு ஒரு சிஆர் 2032 பேட்டரி இருக்கு. 93லேர்ந்து அதே பேட்டரின்னா செத்திருக்கும், இல்லேன்னா சாகப் போகுது. மாத்தணும், ஆனா கழட்டுன நிமிஷம் பழைய சேவ் போயிடும். மொதல்ல ஓட்டிப் பாருங்க, எதாவது சேவ் இருந்தா பேட்டரியத் தொடாம என்கிட்ட சொல்லுங்க, கார்ட்ரிட்ஜ் ரீடர் வச்சிருக்கேன், அதுல எடுத்து வச்சிட்டு புது பேட்டரி போட்டு திரும்ப எழுதிடலாம். அந்த சேவ் மொத்தமே 2 கிலோபைட் தான்.

சேலையூர்காரன்

பதினோரு நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும். டிவிடி பிளேயர் 100 ரூபாய்க்கு வாங்குனேன், மூணு சாயந்திரம், ரெண்டு விரல் சூடு. நேத்து ஃப்யூஸ் மாத்துனேன். சோல்டர் பாக்க பல்லி முட்ட மாதிரி இருக்கு, ஆனா பீப் வருது. 5 வோல்ட்டும் வந்துச்சு.

ஹால்ல எல்ஈடி டிவி இருக்கு, ஆனா அதுல மாட்ட மனசு வரல. மாடி ரூம்ல கவர்மென்ட் குடுத்த இலவச கலர் டிவி ஒண்ணு துணி மூடி கிடந்துச்சு, 14 இன்ச், முன்னாடி ஏவி இருக்கு. அதுல தான் போட்டோம். சித்தப்பா கேளம்பாக்கத்துலேர்ந்து பஸ் புடிச்சு வந்திருந்தார், சித்தியும் கூட. ஆன் பண்ணா மொதல்ல கருப்பு வெள்ளை தான் வந்துச்சு, சித்தி என் மூஞ்சிய பாத்தாங்க, நான் சித்தப்பா மூஞ்சிய பாத்தேன். அப்புறம் தான் மெனு ஞாபகம் வந்துச்சு. கலர் சிஸ்டம் பால்ல நின்னுட்டு இருந்துச்சு. ஆட்டோ.

வானம் நீலமா இருந்துச்சுங்க அந்த கேம்ல. எங்களுக்கு அது தெரியவே தெரியாது. யோஷி பச்சை!

சேவும் இருக்கு. முதல் ஃபைல்ல 73ன்னு காட்டுது, அது சித்தப்பாவோடது, நான் அழிச்சிட்டேன்னு 95ல என்னைய அடிச்சார், அழிக்கவே இல்ல பாருங்க, தன்னோடது ரெண்டாவதுன்னு நெனச்சு அவர் வேற ஃபைல தொறந்திருக்கார்.

அப்புறம் அந்த லூசு ஆமை. பச்சை ஓட்டுக்காரன் விழுறான், சிவப்பு ஓட்டுக்காரன் திரும்புறான். சித்தி தான் கண்டுபுடிச்சாங்க, ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு, "சேப்பு விழ மாட்டேங்குதுங்க"ன்னு.

மயிலை மேடம், பேட்டரிக்கு ஞாயித்துக்கிழமை வரலாமா? கேசட்ட தனியா அனுப்ப மாட்டாராம், சித்தப்பாவும் கூட வரேங்குறார்.

மயிலை16பிட்

தாராளமா வாங்க, பதினோரு மணிக்கு மேல. ரெண்டாவது கன்ட்ரோலரையும் எடுத்துட்டு வர சொல்லுங்க.